வேருக்கு ஊட்டிய சீனி

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்குக் கதையை ஒரு சீனி மூட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஓசூர் பக்கம் ஒரு டிஷ்யூ கல்ச்சர் லேபைப் பார்க்கப் போயிருந்தேன். வாழைக்கன்று தயாரிக்கிற இடம். செருப்பைக் கழற்றி, கை கழுவி, கோட்டு மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு, ஏதோ ஆபரேஷன் தியேட்டருக்குள் விடுகிற மாதிரி உள்ளே விட்டாங்க. கெமிக்கல் வைத்திருக்கும் அறையில் வரிசையா சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, மில்லிகிராம் கணக்கு. அதுக்கெல்லாம் கீழே, தரையில் ஒரு பலகை மேல, சாதாரணமா ஒரு சீனி மூட்டை. மளிகைக் கடையில் பார்ப்போமே, அதே மூட்டை.

"இது டீக்கா?"ன்னு கேட்டேன். அங்கே வேலை பார்க்கிற அக்கா சிரிச்சிட்டு, "செடிக்குத்தான். லிட்டருக்கு முப்பது கிராம்"னு சொன்னாங்க.

அங்கேயிருந்து வந்த பிறகும் எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்தது. செடி வெயிலையும் தண்ணியையும் காற்றையும் வச்சுத் தானே சர்க்கரை தயாரிச்சுக்கும்னுதானே பள்ளிக்கூடத்தில் படிச்சோம்? உலகத்துக்கே சர்க்கரை செஞ்சு கொடுக்கிற ஆளுக்குப் போய்க் கடைச் சீனி வாங்கிக் கொடுப்பானேன்? சமையல்காரருக்கு ஓட்டலில் பார்சல் வாங்கிக் கொடுக்கிற மாதிரி இருக்கே.

இந்தக் கேள்விக்கான பதில் ஒரு நூற்றாண்டு நீளம். அதில் முக்கியமான பாத்திரம் வாழை இல்லை, தக்காளி. இன்னும் சரியாச் சொன்னா, தக்காளியோட வேர்.

போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஒப்பந்தம். நம்ம ஊரில் இந்த வார்த்தைகளில் எப்பவுமே குழப்பம் உண்டு. தெற்கே போனா டீக்குப் போடுறது சீனி. சர்க்கரைன்னு கேட்டா நாட்டுச் சர்க்கரையை எடுத்து நீட்டுவாங்க. சென்னையில் சர்க்கரைன்னாலே வெள்ளைச் சர்க்கரைதான். இந்த எபிசோடில் 'சீனி'ன்னா அது சுக்ரோஸ், அதாவது கரும்பிலிருந்து வருகிற வெள்ளைச் சீனி. 'சர்க்கரை'ன்னா அந்தக் குடும்பம் மொத்தமும்: சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், கேலக்டோஸ் எல்லாம். சீனி மூலக்கூறு ஒன்றை நடுவில் பிளந்தா ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கிடைக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி பெரிய குழப்பமே இதை வச்சுத்தான் வரப்போகுது.

சரி, 1902. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் காட்லீப் ஹாபர்லாண்ட்னு ஒரு தாவரவியல் பேராசிரியர். ஒரு செடி லட்சக்கணக்கான செல்களால் ஆனதுன்னா, அதில் ஒரே ஒரு செல்லைத் தனியாப் பிரிச்செடுத்து, தேவையானதைக் கொடுத்து வளர்க்க முடியுமா? இதுதான் அவர் கேள்வி. ஐரோப்பாவில் தோட்டத்து ஓரங்களில் முளைக்கும் ஒரு களைச்செடியோட இலையிலிருந்து பச்சை செல்களைப் பிரிச்சார். பச்சை செல்லுக்கு ஒளிச்சேர்க்கை தெரியும், அதனால சாப்பாட்டுப் பிரச்சினை பாதி தீர்ந்த மாதிரின்னு கணக்கு. உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, சர்க்கரையும் சேர்த்துப் பார்த்தார். செல்கள் ஏறக்குறைய ஒரு மாசம் உயிரோட இருந்தன, பெருத்தன. ஆனா ஒண்ணுகூட இரண்டாகப் பிரியலை.

இன்னைக்குத் திரும்பிப் பார்த்தா அவர் தேர்ந்தெடுத்த செல்தான் பிரச்சினைன்னு தெரியுது. இலையில் முதிர்ந்துபோன செல் லேசில் பிரியாது. ஆனா ஹாபர்லாண்டோட ஒரு உள்ளுணர்வு முக்கியம்: பச்சைன்னா தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கும். இது எண்பது வருஷம் கழிச்சு வேறொரு ஊரில் திரும்பி வரும்.

இருபது வருஷம் கழிச்சு, 1922இல், இரண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாமல் ஒரே யோசனைக்கு வந்தாங்க. ஜெர்மனியில் கோட்டே, இவர் ஹாபர்லாண்டோட மாணவர். அமெரிக்காவில் வில்லியம் ராபின்ஸ். இலையை விட்டுட்டு வேர் நுனிக்குப் போனாங்க. வேர் நுனி, செடியில் இடைவிடாம செல் பிரிஞ்சுக்கிட்டே இருக்கிற இடம். ஆனா வேர் பச்சை இல்லை. வெயிலைக் காட்டினாலும் சாப்பாடு தயாரிக்காது. ஆக, சர்க்கரையைக் கொடுத்தே ஆகணும். கொடுத்தாங்க, வேர் நுனிகள் வளர்ந்தன. கொஞ்ச காலத்துக்கு மட்டும். போகப் போக மெதுவாகி, நின்னுபோச்சு.

இப்போ தக்காளி உள்ளே வருது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் பிரின்ஸ்டனில் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிடியூட்டோட ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. 1930களில் அங்கே எல்லாருக்கும் வைரஸ் பைத்தியம். புகையிலை, தக்காளி இலைகளில் தேமல் தேமலா வருமே, அந்த நோயை உண்டாக்கும் வைரஸை வெண்டல் ஸ்டான்லி 1935இல் படிகமாப் பிரிச்செடுத்ததும் அங்கேதான். பின்னாடி நோபல் பரிசு வாங்கினார். வைரஸை ஆராயணும்னா அதுக்கு உயிருள்ள செல் வேணும், கிருமி கலக்காத சுத்தமான செல் வேணும். அந்த வேலையில் இருந்தவர் பிலிப் ஒயிட்.

அவர் செஞ்ச விஷயம் கேட்க ரொம்ப எளிமை. கிருமி நீக்கிய தக்காளி விதையை முளைக்க வச்சு, வேர் நுனியை வெட்டி, ஒரு கண்ணாடிக் குடுவையில் திரவத்தில் போட்டார். அகார் கிடையாது, மண் கிடையாது. திரவத்தில் கொஞ்சம் தாது உப்புகள், ஈஸ்ட் சாறு சொட்டளவு, அப்புறம் நூற்றுக்கு 2 பங்கு சீனி. ஒரு டீ டம்ளர் 150 மில்லின்னு வச்சா, அதில் 3 கிராம், அரை ஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. டயட்டில் இருக்கிறவங்க குடிக்கிற டீ மாதிரி.

வேர் நீண்டது, பக்கத்தில் கிளை வேர்கள் விட்டது. ஒரு வாரம் ஆனதும் நுனியை வெட்டிப் புதுக் குடுவைக்கு மாற்றினார். கிளை வேரோட நுனியையும் வெட்டித் தனிக் குடுவையில் போட்டார். அதுவும் வளர்ந்தது. மறுவாரம் மறுபடி, அதுக்கடுத்த வாரம் மறுபடி. ராபின்ஸோட வேர்கள் மாதிரி இது களைச்சுப் போகலை. 1934இல் ஒயிட் இதை வெளியிட்டபோது, வரம்பில்லாமல் வளரக்கூடியதுன்னு தலைப்பிலேயே போட்டார். 'வளரக்கூடிய'ன்னு ஒரு ஜாக்கிரதையும் சேர்த்து. இலை இல்லை, தண்டு இல்லை, தாய்ச்செடி எப்பவோ குப்பைக்குப் போயாச்சு. வேர் மட்டும் குடுவை குடுவையா வளர்ந்துக்கிட்டு இருக்கு. அதே வருஷம் அந்த வேர்களுக்குள்ளே வைரஸ் பெருகுவதையும் காட்டினார்.

எனக்கு இந்த ஆய்வில் ரொம்பப் பிடிச்சது வைரஸ் இல்லை. ஒரு செடியில் வேரும் இலையும் ஒண்ணுக்கொண்ணு என்ன கொடுத்து வாங்குதுன்னு முழுச் செடியைப் பார்த்தா தெரியாது. கூட்டுக் குடும்பத்தில் யார் காசு எங்கே போகுதுன்னு தெரியாத மாதிரி. வேரை மட்டும் தனிக்குடித்தனம் வச்சுட்டு, அது கேட்கிறதை ஒவ்வொண்ணாக் கொடுத்துப் பார்த்தா, இத்தனை நாள் இலை என்னவெல்லாம் அனுப்பிக்கிட்டு இருந்ததுன்னு பட்டியல் வந்துடும். அப்படித்தான் வந்தது. ஈஸ்ட் சாறில் அப்படி என்ன இருக்குன்னு தோண்டினாங்க. 1937இல் ஒயிட்டும், தனியா ராபின்ஸும், அது பி1 வைட்டமின், அதாவது தயமின்னு தக்காளி வேரில் காட்டினாங்க. அடுத்து 1939இல் பி6. ஆக, தக்காளி வேர் தன் வைட்டமினுக்கே இலையை நம்பி இருந்திருக்கு. பட்டியலில் முதல் வரி மட்டும் மாறவே இல்லை: சீனி.

அப்போ அடுத்த கேள்வி தானா வரும். ஏன் சீனி? ஏன் குளுக்கோஸ் இல்லை?

நியாயமாப் பார்த்தா குளுக்கோஸ்தான் ஜெயிக்கணும். நமக்கு உடம்பு முடியலைன்னா என்ன ஏத்துறாங்க? குளுக்கோஸ். செல்லோட அடுப்பில் நேரா எரியுற விறகு அது. சீனியை முதலில் பிளக்கணும், அதுக்கு அப்புறம்தான் எரிக்கணும். ஒரு வேலை கூடுதல். 1940இல் ஒயிட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தார். தக்காளி வேர் சீனியில் நல்லா வளர்ந்தது. குளுக்கோஸில் ஏனோதானோன்னு இருந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தவர் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஸ்ட்ரீட். மான்செஸ்டரில் ஆரம்பிச்சார். அவரும் கூட்டாளிகளும் 'தக்காளி வேர்களின் சர்க்கரை உணவு'ங்கிற பொருளில் 1949இலிருந்து கட்டுரை மேல கட்டுரையா, எண் போட்டு வெளியிட்டாங்க. சீரியல் மாதிரின்னு சொல்லலாம். ஒவ்வொரு சர்க்கரையா எடுத்து, தக்காளி வேருக்குக் கொடுத்து, நீளம் அளந்து, கிளை எண்ணி, காயவச்சு எடை போட்டு. படிக்கிறப்போ கொஞ்சம் தூக்கம் வரும்தான். ஆனா பொறுமைன்னா இதுதான் பொறுமை.

என்ன தெரிஞ்சுதுன்னா, தக்காளி வேருக்குச் சீனிக்கு ஈடு எதுவும் இல்லை. குளுக்கோஸ் சுமார். சில சர்க்கரைகள் உதவாததோட நிற்காம, கெடுதலும் செஞ்சுது. குறிப்பா இரண்டு: கேலக்டோஸ், மேனோஸ். கேலக்டோஸ்ங்கிறது பாலில் இருக்கிற லாக்டோஸோட பாதி. நாம தினமும் காபியோட குடிக்கிறோம். அதையே தக்காளி வேருக்குக் கொடுத்தா வளர்ச்சி குன்றிப்போகுது. பக்கத்தில் போதுமான சீனி இருந்தும்கூட. பசியால சாகிறது வேற, விருந்தில் உட்கார்ந்து விஷத்தால சாகிறது வேற இல்லையா? இது இரண்டாவது.

மேனோஸ் கதை இன்னும் சுவாரசியம். செல் அதை உள்ளே இழுத்ததும், அதுக்கு ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். குளுக்கோஸ் மாதிரியான சர்க்கரைகள் செல்லுக்குள்ளே நுழைந்ததும் நடக்கிற வழக்கமான சடங்கு இது, கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் பூசுற மாதிரி. ஆனா பெரும்பாலான செடிகளுக்கு அதுக்கு அடுத்த படி தெரியாது. பாஸ்பேட் ஒட்டின மேனோஸ் அப்படியே தேங்கிப்போகும், செல்லோட பாஸ்பேட் கையிருப்பு அதில் மாட்டிக்கும். பல வருஷம் கழிச்சு, 1990களில், மரபணு மாற்றும் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பலவீனத்தையே ஒரு சல்லடையா மாத்தினாங்க. அந்த அடுத்த படியைச் செய்யத் தெரிஞ்ச பாக்டீரியா மரபணுவைச் செடி செல்லுக்குள் அனுப்பி, மேனோஸ் கலந்த தட்டில் வளர்ப்பாங்க. மரபணு போய்ச் சேர்ந்த செல் மேனோஸைச் சாப்பிட்டு வளரும்; சேராதது வளராது. தக்காளியிலும் இந்த முறை வேலை செய்யுது.

சீனிக்குத் திரும்புவோம். அது ஏன் குளுக்கோஸை ஜெயிக்குது? ஒரு காரணம் செடிக்குள்ளே இருக்கிற போக்குவரத்து. தக்காளி இலை தயாரிக்கிற சர்க்கரை, தண்டு வழியா வேருக்குப் போறப்போ சுக்ரோஸாத்தான் போகும். குளுக்கோஸ் கொஞ்சம் துறுதுறுன்னு எதோடயும் வினைபுரியும் ஆள். சுக்ரோஸில் அந்த வினைபுரியும் முனைகள் இரண்டும் ஒண்ணோட ஒண்ணு கட்டப்பட்டிருக்கும். ஒட்டி மூடின பார்சல் மாதிரி. வழியில் யாரும் பிரிக்க முடியாது, வீட்டுக்கு வந்ததும் பிரிச்சுக்கலாம். பிரிக்கிற கத்தியோட பேர் இன்வர்டேஸ்ங்கிற நொதி. ஆக, தக்காளி வேர் பிறந்ததிலிருந்து சுக்ரோஸ் பார்சலையே வாங்கிப் பழகின வேர். ஒயிட் குடுவையில் சீனி போட்டபோது, இலை அனுப்புறதையே அவரும் அனுப்பினார்.

ஆனா இதோட முடிஞ்சுடலை. அந்த இன்வர்டேஸ் செல்லோட வெளிச்சுவரிலேயும் இருக்கு. அப்படின்னா சீனி உள்ளே போறதுக்கு முன்னாடியே வாசலில் பிளந்து, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமா உள்ளே போகலாமே? அப்படிப் போனா, நேரா அந்த இரண்டையும் கொடுத்தா அதே வளர்ச்சி வரணுமே? முழுசா உள்ளே போகுதா, உடைஞ்சு போகுதாங்கிற இந்த வழக்கு பல வருஷம் நடந்தது. சுக்ரோஸை முழுசா உள்ளே கடத்துற புரதம் ஒண்ணு இருக்குன்னு மரபணு ஆதாரத்தோட காட்டினது 1992இல், பெர்லினில், பசலைக்கீரையை வச்சு. தக்காளியிலும் அந்தக் குடும்பத்துப் புரதங்கள் கிடைச்சுது. இரண்டு வாசலும் உண்டு. எந்த உறுப்பு, எந்த வயசு, எவ்வளவு சீனிங்கிறதைப் பொறுத்து எது அதிகம் திறக்கும்ங்கிறது மாறும். எல்லாச் செடிக்கும் ஒரே விதியும் இல்லை. பொதுவா, வெட்டி வளர்க்கிற புல்லினத்து வேர்களுக்குக் குளுக்கோஸ்தான் ஒத்துப்போகும், தக்காளி மாதிரி இருவித்திலைச் செடிகளோட வேருக்குச் சீனி.

நடுவில் ஒரு சின்னத் தமாஷ். இத்தனை பேர் சீனியா குளுக்கோஸான்னு சண்டை போட்டாங்களே, அவங்க குடுவையில் உண்மையில் இருந்தது என்ன? கிருமி கொல்றதுக்குத் திரவத்தை ஆட்டோகிளேவில் வைப்பாங்க. பெரிய பிரஷர் குக்கர்னு வச்சுக்கோங்க, 121 டிகிரி, கால் மணி நேரம் அல்லது இருபது நிமிஷம். கொஞ்சம் புளிப்பான திரவத்தில் அந்தச் சூட்டில் சீனியில் ஒரு பகுதி தானே பிளந்துடும். 1953இல் எர்னஸ்ட் பால்ங்கிறவர் இதைக் கட்டுரையா எழுதி, எல்லாரும் கண்டுக்காம விட்ட விஷயம் இதுன்னு தலைப்பிலேயே குத்திக் காட்டினார். அதனால நுட்பமான ஆய்வு செய்றவங்க சீனியைச் சூடாக்காம, மெல்லிய வடிகட்டி வழியாக் கிருமி நீக்கிச் சேர்க்க ஆரம்பிச்சாங்க. மத்தவங்க குக்கரையே நம்பினாங்க. இன்னைக்கும் நம்புறாங்க.

இன்னொரு கண்ணியும் இருக்கு. சர்க்கரை கரைஞ்ச தண்ணி, செல்லிலிருந்து நீரை இழுக்கும். ஊறுகாய் கெடாம இருக்கிற அதே காரணம். அதனால சீனியைக் கூட்டினப்போ வளர்ச்சி மாறினா, அது சாப்பாடு கூடினதாலயா, தண்ணி இழுத்ததாலயா? இதைப் பிரிச்சுப் பார்க்க, செடி பெரும்பாலும் சாப்பிடாத மேனிடால் மாதிரியான பொருளை அதே இழுப்பு வர்ற அளவுக்குக் கலந்து ஒப்பிடுவாங்க. சீனி ஒரே நேரத்தில் விறகும் உப்பும் மாதிரி நடந்துக்குது.

இதுவரைக்கும் வேர். இனிமேதான் என் கண்ணுக்கு ஒரு பெரிய சறுக்கல் தெரியுது.

1962இல் அமெரிக்காவில் விஸ்கான்சினில் முராஷிகேயும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக ஒரு கலவையை உருவாக்கினாங்க. அவங்க பெயர்களோட முதல் எழுத்தால எம்.எஸ். மீடியம்னு பேர். தாவர அறிவியலிலேயே மிக அதிகமா மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அது ஒண்ணு. அதில் சீனி லிட்டருக்கு 30 கிராம். ஓசூர் அக்கா சொன்னாங்களே, அதே முப்பது. அவங்க வளர்த்தது கேலஸ், அதாவது வடிவம் இல்லாத செல் திரள். அதால தனக்கு வேண்டிய சாப்பாட்டை ஆக்கிக்க முடியாது. சீனி தேவைதான். தக்காளியில் மரபணு மாற்றுறப்போவும் அப்படித்தான்: விதையிலையை வெட்டித் தட்டில் வச்சு, அந்த வெட்டுக்காயத்திலிருந்து புதுத் தளிர் வரவைக்கணும். அமெரிக்காவில் 1994இல் கடைக்கு வந்த ஃபிளேவர் சேவர் தக்காளியும், ஜப்பானில் 2021இல் விற்பனைக்கு வந்த மரபணு திருத்திய தக்காளியும் தட்டில் பிறந்த வம்சம். அந்தக் கட்டத்தில் சர்க்கரை இல்லாம எதுவும் நடக்காது.

ஆனா அந்தத் தளிர் வளர்ந்து, நாலு இலை விட்டு, பச்சைப் பசேல்னு குட்டிச் செடியா நிற்கிறப்போவும் அதே முப்பது கிராம். வேருக்கும் கேலஸுக்கும் எழுதின சமையல் குறிப்பை, சமைக்கத் தெரிஞ்ச ஆளுக்கும் அப்படியே பரிமாறினாங்க. ஏன்னு கேட்டா, பாட்டிலுக்குள்ளே இருக்கிற செடிக்கு ஒளிச்சேர்க்கை சரியா வராது, இலை சோப்ளாங்கின்னு பதில். பல வருஷம் அதுதான் பாடம்.

1980களில் ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்தில் டோயோகி கோசாய்னு ஒரு பேராசிரியர். இவர் பின்னணி பசுமைக்குடில். அதாவது செடியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதைச் சுத்தி இருக்கிற காற்றைப் பார்க்கிற ஆள். அவர் குழு செஞ்ச வேலை, யாராவது முன்னாடியே செஞ்சிருக்கலாமேன்னு தோணும்: மூடின பாட்டிலுக்குள்ளே கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்குன்னு அளந்தாங்க.

ராத்திரி முழுக்கச் செடி மூச்சு விடுறதால, உள்ளே கார்பன் டை ஆக்சைடு வெளிக் காற்றைவிடப் பல மடங்கு ஏறி நிற்கும். காலையில் விளக்கைப் போட்டதும் செடி வேகமா இழுக்க ஆரம்பிக்கும். இரண்டு மணி நேரம் போல. அதுக்குள்ளே காலி. வெளியே காற்றில் அப்போ பத்து லட்சத்தில் 350 பங்கு இருந்தது. பாட்டிலுக்குள்ளே 100க்கும் கீழே. அதுக்கப்புறம் பகல் முழுக்க விளக்கு எரியும், இலை பச்சையா விரிஞ்சு நிற்கும், அடுப்பு பத்தவச்சாச்சு, அரிசி மட்டும் இல்லை.

இலை சோம்பேறின்னு திட்டினாங்களே, அதோட வாயைக் கட்டி வச்சதே பாட்டில் மூடிதான். சரி, மூடியை ஏன் அவ்வளவு இறுக்கமாப் போட்டாங்க? கிருமி வரக்கூடாதுன்னு. கிருமி ஏன் வரும்? கீழே இருக்கிற திரவத்தில் சீனி இருக்கே! பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதைவிட என்ன வேணும். சீனி இருக்கிறதால இறுக்க மூடணும், மூடினதால காற்று இல்லை, காற்று இல்லாததால ஒளிச்சேர்க்கை இல்லை, அது இல்லாததால சீனி வேணும். சுத்திச் சுத்தி வந்து அதே மூட்டை.

கோசாயோட வழி: சீனியை எடுத்துடு. காற்று போய் வர்ற மூடி போடு, கார்பன் டை ஆக்சைடைக் கூடுதலாக் கொடு, வெளிச்சத்தை ஏத்து, அகாருக்குப் பதிலா வேருக்குக் காற்று கிடைக்கிற மாதிரி நுண்துளை நிறைஞ்ச ஒரு பொருளில் செடியை நடு. தக்காளியிலும் இதைச் சோதிச்சுப் பார்த்து 2001இல் வெளியிட்டாங்க. சீனி கொடுத்து வழக்கமான முறையில் வளர்த்த கன்றுகளைவிட, சீனியே இல்லாம இப்படி வளர்த்த தக்காளிக் கன்றுகள் நல்லா வளர்ந்தன. ஹாபர்லாண்ட் 1902இல் நினைச்ச பச்சைக் கணக்கு ஒரு வகையில் சரிதான்னு ஆச்சு.

இதில் யாருக்கு என்ன போச்சுன்னு கேட்கலாம். பாட்டிலில் வளர்ந்த கன்றை வெளியே கொண்டுவர்ற நாள்தான் இந்தத் தொழிலில் பயமான நாள். ஈரப்பதம் தளும்புற பாட்டிலில் வளர்ந்த இலைக்கு மேல்தோல் மெழுகு மெல்லிசு, இலைத்துளைகளுக்கு மூடத் தெரியாது, அகாரில் வளர்ந்த வேருக்கு மண்ணில் தண்ணி உறிஞ்சத் தெரியாது. சீனியும் திடீர்னு நின்னுடும். பல கன்றுகள் வாடிச் சாகும். ஒவ்வொரு கன்றுக்குப் பின்னாலேயும் பல மாச உழைப்பு, கரண்ட் பில், கூலி. செத்ததோட செலவு எல்லாம் உயிரோட இருக்கிற கன்றோட விலையில் ஏறி, கடைசியில் வாங்குற விவசாயி தலையில் விழும். தக்காளி விவசாயி விதை வாங்குறவர், அவருக்கு இந்தக் கவலை இல்லை. வாழைக்கன்று வாங்குறவருக்கு உண்டு.

இன்னொரு பக்கமும் வெளியே வந்தது. சர்க்கரை செடிக்குச் சாப்பாடு மட்டும் இல்லை, தகவலும்கூட. 1990இல் ஜென் ஷீன் மக்காச்சோள செல்களில், சர்க்கரை இருந்தா ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் அடங்கிப்போறதைக் காட்டினார். 1994இல் தக்காளி இலைக்குச் சர்க்கரை ஊட்டிப் பார்த்தப்போ, காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கிற ருபிஸ்கோங்கிற நொதியோட ஒரு பகுதிக்கான உத்தரவுகள் வேகமாக் குறைஞ்சுது. கிடங்கு நிறைஞ்சிருக்கு, ஆலையை மெதுவா ஓட்டுன்னு சொன்ன மாதிரி.

2003இல் ஷீனோட குழு அரபிடாப்சிஸ் செடியில் செஞ்ச சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. சர்க்கரைக்குப் பாஸ்பேட் ஒட்டுமே, அந்தச் சந்தனம் பூசுற நொதி, ஹெக்ஸோகைனேஸ். அதைக் கொஞ்சம் மாத்தி, குளுக்கோஸுக்குப் பாஸ்பேட் ஒட்டவே முடியாதபடி செஞ்சாங்க. ஆனாலும் குளுக்கோஸ் வந்திருக்குங்கிற சேதியை அது செல்லுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தது. வாசலில் சந்தனக் கிண்ணத்தைப் பிடுங்கிட்டாலும், யார் யார் வந்தாங்கன்னு மாமா உள்ளே போய்ச் சொல்லிடுறார்.

அதனால பாட்டிலில் இருக்கிற தக்காளிக் கன்றுக்கு முப்பது கிராம் சீனின்னா, அது வெறும் சாப்பாட்டுத் தட்டு இல்லை. உனக்கு இலை அவசியமில்லைங்கிற சேதியும் அதோட போகுது.

அப்புறம் ஏன் இன்னும் ஓசூரில் அந்த மூட்டை இருக்கு? நான் அந்த அக்காகிட்டயே கேட்டேன். "சீனி இல்லாம செய்யலாம்னு படிச்சிருக்கேன்"னாங்க. "ஆனா கேஸ் லைன் போடணும், லைட் கூட்டணும், கூட்டினா ஏசி கூட்டணும். சீனி சல்லிசு." நேர்மையான பதில். சில இடங்களில் வேர்விடுற கடைசிக் கட்டத்தில் மட்டும் சீனியைக் குறைச்சுக் கன்றைப் பழக்குறாங்க. நடுவழி.

முடிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பிரின்ஸ்டன் வேர்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிடுறேன். ஒயிட் அவற்றை விடலை. நுனியை வெட்டி, புதுக் குடுவை, புதுத் திரவம், 2 சதவீதம் சீனி. உலகப் போர் வந்து போச்சு, அவர் வேலை பார்த்த இடம் மாறிச்சு, ஸ்டான்லிக்கு நோபல் வந்தது, எம்.எஸ். மீடியம் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல அந்த வேர்களில் சிலது இலையையே பார்க்காம வளர்ந்துக்கிட்டு இருந்தன. அவர் சாகிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் அந்த வரிசை அறுபடலை. 1968இல் பிலிப் ஒயிட் இறந்தார். இறந்தது இந்தியாவில்.

அடுத்த வாரம் சந்திப்போம்.